மாமா, மாவு குடுங்க

கேதார் பிரதான் காலுறைகளைக் கழற்றச் சொன்னபோது யாங்ஜிக்கு வயது ஏழு.

இடம், எங்கள் மலையூரின் சௌரஸ்தா சதுக்கத்துக்குக் கீழே இருக்கும் 'சிகர்' உணவகத்தின் கூடம். தசைன் பண்டிகை விடுமுறை. மேசைகள் அத்தனையும் நிரம்பி, வாசலிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். சமவெளியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாளின் தங்க வளையலைக் காணவில்லை. கை கழுவப் போனபோது கழற்றி வைத்ததாக அந்த அம்மாள் சொன்னார். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்தான் சமையலறை. அங்கே மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யாங்ஜி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா சுந்தலி பதினோரு வருடமாக அந்தக் கடையில் மோமோ மடிப்பவள். பள்ளி விட்டதும் பிள்ளை அங்கே வந்து உட்காருவது வழக்கம்.

கேதார் அவளைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தார். புத்தகப்பையைக் கவிழ்த்தார். இரண்டு நோட்டு, ஒரு பென்சில், பாதி கடித்த அரிசிமாவுச் சேல் ரொட்டி. "செருப்பைக் கழட்டு" என்றார். கழற்றினாள். "சாக்ஸையும் கழட்டு." சில்லென்ற சிமெண்டுத் தரையில், அத்தனை பேர் பார்க்க, பிள்ளை வெறுங்காலோடு நின்றது. மாவுக் கையோடு ஓடி வந்த சுந்தலி, "சின்னப் புள்ளைங்க சாகேப்" என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. இருவரையும் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சமவெளிக் குடும்பத்தை ஜீப்பில் கூட்டிவந்தவன் நான்தான். சாயங்காலம் அந்த அம்மாளின் ஸ்வெட்டர் கைக்குள்ளேயே வளையல் மாட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கேதாரிடம் சொன்னேன்.

"சரி, கிடைச்சிருச்சுல்ல? விடு" என்றார்.

"அப்ப சுந்தலி தீதியை நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? அறை வாங்குனவளை மறுபடி அடுப்பங்கரைக்குள்ள விட்டா சோத்துல விஷம் வைப்பா."

அதோடு விடவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்பார்களே. அதற்காக, தாயும் மகளும் கைசுத்தம் இல்லாதவர்கள் என்று மற்றக் கடைக்காரர்களிடம் சொல்லி வைத்தார். ஊரில் ஒரு அடுப்பங்கரை சுந்தலிக்குத் திறக்கவில்லை. தீஸ்தா நதிச் சாலையில் கல் உடைக்கப் போனாள். இரண்டாவது மழைக்காலத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் பாறைக்கடியில் நசுங்கின. ஒரு மோமோவுக்குப் பதினெட்டு மடிப்பு வைத்த விரல்கள்.

சிகரின் சமையலறைக் கதவில் அந்த வாரமே ஒரு பலகை ஏறியது. 'குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் அனுமதி இல்லை.'

பதினெட்டு வருடம் போனது. யாங்ஜி கல்லூரி முடித்து, விடுதிக்காரர் சங்கத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். சிகரைத் தாண்டிப் போகவேண்டி வந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடப்பாள். அதை நான் கவனித்திருக்கிறேன். சுந்தலியோ அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு குளிர்காலத்தில் சங்கம் ஒரு கையேடு போடத் தீர்மானித்தது. 'மலையில் குழந்தைகளோடு' என்று பெயர். ஒவ்வொரு விடுதி அறையிலும் ஒரு பிரதி இருக்கும், கைபேசியிலும் பார்க்கலாம். எழுதும் வேலை யாங்ஜிக்கு வந்தது. இரண்டு மாதம் என் ஜீப்பில்தான் சுற்றினாள். மற்றவர்கள் மாதிரி உட்கார்ந்த இடத்தில் எழுதுகிற ஆள் இல்லை அவள். என் தம்பியின் பிள்ளைகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு, மிருகக்காட்சி சாலையில் செம்பாண்டா எத்தனை மணிக்கு மரத்தை விட்டு இறங்குகிறது, பனிச்சிறுத்தைக் கூண்டு வரை சின்னக் கால்கள் நடக்குமா, பொம்மை ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் புகை கண்ணில் விழாது, ரோப்வேயில் பயப்படும் பிள்ளைக்கு என்ன சொல்லலாம், எந்தக் கடையில் மிளகாய் போடாமல் துக்பா நூடுல்ஸ் சூப் கிடைக்கும், எங்கே கழிப்பறை சுத்தம் என்று ஒன்று விடாமல் பார்த்து எழுதினாள். அந்தப் புத்தகத்தில் எல்லாமே உண்மை, ஒரு பக்கத்தைத் தவிர.

"தாஜு, சிகரைப் பத்தி என்ன எழுதலாம்?" என்று ஒருநாள் ஜீப்பில் கேட்டாள். எங்கள் பேச்சில் தாஜு என்றால் அண்ணன், பைனி என்றால் தங்கை.

"எழுதவே வேணாம் பைனி. விட்டுடு. அதுவே அவனுக்குப் போதும்."

"விட்டா அவனுக்கு வலிக்காது. நான் அவனைப் புகழப்போறேன்."

நோட்டைப் பிரித்து வாசித்தாள். "ஊரிலேயே குழந்தைகளை அதிகம் நேசிக்கும் உணவகம். இங்கே பிள்ளைகள் நேராகச் சமையலறைக்குள் போகலாம். தாங்களே மோமோ மடிக்கலாம். உரிமையாளர் கேதார் மாமா மாவைக் கையில் கொடுத்துக் கற்றுத் தருவார். வாசலில் நின்று 'மாமா, மாவு குடுங்க' என்று சத்தமாகக் கேட்க வேண்டும். மெதுவாகக் கேட்டால் கிடைக்காது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேதாருக்குப் பிள்ளைகள் என்றாலே ஆகாது. மேசையில் ஸ்பூனைத் தட்டினால்கூட அவர் முகம் கோணும்.

"இது பொய்டீ."

"எங்கம்மாவைப் பத்தி அவன் ஊரெல்லாம் சொன்னது என்னவாம்?"

அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு கடைக்காரரும் தங்கள் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. யாங்ஜி தானே நேரில் போனாள். அவள் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். கேதாருக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. முடிக்குச் சாயம் பூசியிருந்தார். அவளை ஏறிட்டுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"படம் பெருசா வந்திருக்கா?"

"முழுப் பக்கம் சாகேப். நீங்கதான் முதல்ல வர்றீங்க."

"எழுத்து பொடியா இருக்கே. என்ன போட்டிருக்க?"

"உங்களை நல்லவர்னு போட்டிருக்கேன்."

"அது ஊருக்கே தெரியும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து ஜீப்பில் ஏறினாள். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி முகமெல்லாம் வெளிச்சம்.

சித்திரை பிறந்ததும் சமவெளி வெயிலுக்குத் தப்பிக் கூட்டம் மலையேறியது. முதல் நாள் மூன்று குடும்பம். அடுத்த நாள் பத்து. கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்களிடம் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று ஒன்று அகப்பட்டுவிட்டால் லேசில் விடமாட்டார்கள். சிகரின் வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று, தொண்டை கிழிய, "மாமா, மாவு குடுங்க!" என்று கத்தின.

"யாருடா மாமா? என்ன மாவு? போங்கடா!" என்று கேதார் குதித்தார்.

ஒரு அப்பா கையேட்டை விரித்துக் காட்டினார். "ஏங்க, உங்க கையெழுத்தோட சங்கத்துல இருக்காமே? விசாரிச்சிட்டுத்தான் வர்றோம். நானூறு மைல் தள்ளி இருந்து இதுக்குன்னே கூட்டியாந்திருக்கேன் புள்ளைய."

"அது தப்பா அச்சாயிருச்சு."

"அச்சுப் பிழைன்னா ஒரு எழுத்து மாறும். பத்து வரி எப்படிங்க மாறும்?"

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேதாரால் திருப்பி அனுப்பவும் முடியவில்லை, உள்ளே விடவும் மனம் வரவில்லை. நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மாவு கொடுத்துப் பார்த்தார். கூரையில் மாவு, குளிர்பெட்டிக்குள் மாவு, கல்லாப்பெட்டியில் கொத்துக்கறி. சமையல்காரன் கரண்டியை வீசிவிட்டுக் காலிம்போங்குக்கே போய்விட்டான். மாவு கிடைக்காத பிள்ளைகள் அழுதன. அவர்களுடைய பெற்றோர் கைபேசியில் எழுதித் தள்ளினார்கள். சங்கத்திடம் திருத்தச் சொன்னால், தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வீம்பு அவரை வாயைத் திறக்க விடவில்லை.

நான் தினமும் போய் யாங்ஜியிடம் சொல்வேன். அவள் சாப்பாட்டை மறந்து கேட்பாள். "அப்புறம்? அப்புறம் என்ன பண்ணான்? முகம் எப்படி இருந்துச்சு?" என்று ஒன்றையே மூன்று தடவை சொல்ல வைப்பாள். சொல்ல எனக்கும் பிடித்திருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

மூன்றாவது வாரம் பர்த்வானிலிருந்து ஒரு குடும்பம் என் ஜீப்பில் வந்தது. அம்மா, அப்பா, ஜினியா என்ற எட்டு வயதுப் பெண். காலையில் மிருகக்காட்சி சாலை. செம்பாண்டாவைப் பார்க்கும்போதுகூட அந்தப் பிள்ளை, "மாமா, மாவு குடுங்க" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. "அங்க வேண்டாம், வேற நல்ல கடைக்குப் போகலாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு என்ன கூத்து நடக்கும் என்று பார்க்கிற ஆசை எனக்கு.

அன்று கேதாருக்கு மாற்றுச் சமையல்காரனும் வரவில்லை. கூட்டத்தின் கூச்சலில் அவர் அசந்த நேரம், ஜினியா சமையலறைக்குள் புகுந்துவிட்டாள். அடுத்த நிமிடம் ஏதோ பாத்திரம் கவிழ்ந்த சத்தம். கேதார் உள்ளே ஓடினார். பிள்ளையின் மேற்கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தார். உடம்பெல்லாம் மாவு.

"திருட்டுக் கழுதை! யாரைக் கேட்டு உள்ள போன? மாவுக் காலோட என் கூடத்துல நிப்பியா? கழட்டு செருப்பை! கழட்டுடீ!"

பிள்ளை கழற்றியது. அழக்கூட இல்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நாற்பது கைபேசிகள் உயர்ந்தன. அதற்குள் அவள் அப்பா பாய்ந்து கேதாரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊரே அதைப் பார்த்துவிட்டது. சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். ஓட்டுநர்களான நாங்களும் இனி சிகருக்கு ஆள் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தோம். வெற்றிதான். நான் மிட்டாய்ப் பொட்டலத்தோடு யாங்ஜி வீட்டுக்குப் போனேன். அவள் கைபேசியை வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல பார்த்தப்ப சந்தோஷமா கத்திட்டேன் தாஜு" என்றாள். "அப்புறம்தான் செருப்பைப் பார்த்தேன்."

மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் தங்கியிருந்த விடுதிக்குத் தன்னைக் கூட்டிப் போகச் சொன்னாள். ஜினியாவின் அம்மா சர்பாணி, வராந்தாவில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை போர்வைக்குள் சுருண்டிருந்தது. யாங்ஜி எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் ஏழு வயதுக் கதை, அம்மாவின் விரல், கையேட்டில் எழுதிய பொய், அதைச் சிரித்துக்கொண்டே எழுதியது வரை.

சர்பாணி முழுவதும் கேட்டாள். பிறகு, "உனக்கு நடந்தது அநியாயம்தான்" என்றாள். "ஆனா அந்த ஆளு எப்பேர்ப்பட்டவன்னு இந்த ஊர்லயே உனக்குத்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் எம் புள்ளைய அவங்கிட்ட அனுப்பியிருக்க. எம் பொண்ணைக் கல்லா எடுத்து எறிஞ்சிருக்க நீ. எந்திரிச்சுப் போயிடு."

யாங்ஜி எழுந்து போனாள். நேராகச் சங்கச் செயலாளரிடம் போய் அதையே மறுபடி சொன்னாள். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அவளையும்தான்.

செய்தி கேதாருக்கு எட்ட அரைமணி நேரம் ஆகவில்லை. மத்தியானமே மூச்சிரைக்க மலைச்சரிவில் இறங்கி யாங்ஜியின் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"நீதானா? கையெழுத்து வாங்க வர்றதுக்கு முன்னாடி உன் மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்லையே! உனக்கு நான் என்னடீ பண்ணேன்?"

"தசைன் லீவு. தங்க வளையல். எனக்கு ஏழு வயசு."

கேதார் நெற்றியைச் சுருக்கினார். நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினார். "எந்த வளையல்? எத்தனையோ பேரை வேலைய விட்டு அனுப்பியிருக்கேன். எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிட்டிருக்க முடியுமா?"

யாங்ஜி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரவும் பகலும் அவள் சுமந்த பதினெட்டு வருடம் அந்த ஆளின் மண்டையில் ஒரு மூலையில்கூட இல்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கு கேதார்ஜி." அடுப்படியிலிருந்து சுந்தலி வந்தாள். விரல் போன கையை முந்தானையில் துடைத்தாள். "அன்னைக்கு நீங்க பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தீங்க. வாயில வெத்தலை. புள்ள இடது கால் சாக்ஸைத்தான் முதல்ல கழட்டுச்சு."

கேதாருக்கு அவளைத் தெரிந்தது. பேச்சின் சுருதி இறங்கியது. "சுந்தலி, நடந்தது நடந்துபோச்சு. என் கடை மூடுற நிலைமைக்கு வந்திருச்சு. நீ வந்து சமையலறையில நின்னு, நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு நாலு பேருக்குத் தெரியுற மாதிரி புள்ளைங்களுக்கு மோமோ சொல்லிக் குடுத்தா, ஊரு வாயை மூடிடும். உன்னை ராணி மாதிரி வச்சுக்கிறேன்."

"அம்மா, போகாத!" என்று யாங்ஜி தன் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

சுந்தலி மகளைத் திரும்பியே பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன். கூட்டமா இருக்கணும். உங்க சொந்தக்காரங்க, சங்கத்து ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டு வைங்க."

ஞாயிற்றுக்கிழமை அவளே நல்ல சௌபந்தி ரவிக்கை அணிந்து, தலை வாரி, என் ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டில் யாங்ஜி. கூடம் நிறைந்திருந்தது. தன் மருமகன், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், சங்கத்தார் என்று கேதார் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார். சுந்தலிக்காகப் புது ஏப்ரன்கூட வாங்கி மடித்து வைத்திருந்தார். சுந்தலி சமையலறைப் பக்கம் போகவில்லை. கூடத்தின் நடுவில் நின்றாள்.

"முதல்ல பாக்கெட்டைக் காலி பண்ணுங்க கேதார்ஜி."

"என்ன?"

"பாக்கெட்டைக் கவுத்துக் காட்டுங்க. எம் புள்ள பையக் காட்டுச்சுல்ல, அது மாதிரி."

கேதார் சுற்றிலும் பார்த்தார். ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. செயலாளர், "செய்ங்க, முடிஞ்சுரும்" என்று தணிந்த குரலில் சொன்னார். சீப்பு, சாவிக்கொத்து, ரத்த அழுத்த மாத்திரை அட்டை, ஒரு கசங்கிய கைக்குட்டை. மேசைமேல் வைத்தார்.

"செருப்பு. அப்புறம் சாக்ஸு."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். வலது காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. வெளுத்த, நரம்பு தெரிகிற கிழட்டுக் கால்கள். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சுந்தலிக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"இப்ப சொல்லுங்க."

"இந்த... சுந்தலியோட புள்ள திருடலை. வளையல் கிடைச்சது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் திருடின்னு சொன்னேன்."

"ஜன்னல் பக்கம் இருக்கவங்களுக்குக் கேக்கல."

இரண்டாம் முறை உரக்கச் சொன்னார். குரல் உடைந்தது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். "அவ்வளவுதானே?" என்றார்.

"இல்ல. இன்னொண்ணு இருக்கு."

இடது கைதான் போயிருந்தது. வலது கை கல் உடைத்து உடைத்து உரமேறிப் போயிருந்தது. அவள் விட்ட அறையின் சத்தத்தில் சமையலறை வாசலில் நின்றவன் தட்டைக் கீழே போட்டான். கேதார் நாற்காலியில் சரிந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க வர்றேன்னியே?" என்றார்.

"மத்தியானம் வர்றேன்னு மட்டும்தான் சொன்னேன்" என்றாள் சுந்தலி.

திரும்பும் வழியில் பசிக்கிறது என்று ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். ஒரு திபெத்தியப் பெண்ணின் சின்னக் கடை. சுந்தலி இரண்டு கிண்ணம் துக்பாவை உறிஞ்சிக் குடித்து, கறி வைத்த ஷாஃபலே ரொட்டி ஒன்றையும் முடித்து, நிறைவாக ஏப்பம் விட்டாள். அவ்வளவு ருசித்து அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. யாங்ஜியின் கிண்ணம் ஆறிப்போய் மேலே கொழுப்பு படர்ந்தது.

"உனக்குத் திருப்தியா இல்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கும்மா. அவன் சாக்ஸைக் கழட்டுனப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப சாப்பிடு."

"அந்தப் பொண்ணு ஜினியா என்ன சாப்பிட்டுதோ."

மழைக்காலம் தொடங்குமுன் கேதாரின் மருமகன் அந்தக் கூடத்தைச் சால்வைக் கடையாக மாற்றிவிட்டான். கேதார் இப்போது சிலிகுரியில் இன்னொரு மகள் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள். சுந்தலி அவரைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து போவதில்லை; உட்கார்ந்து கேட்கிறாள். யாங்ஜிக்குக் கர்சியாங்கில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

பர்த்வான் முகவரி என் பதிவு நோட்டில் இருந்தது. யாங்ஜி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜினியா பெயருக்கு மூன்று கடிதம் போட்டாள். பதில் வந்ததா என்று போன வாரம் கேட்டேன்.

"வராது தாஜு" என்றாள். "நானா இருந்தாலும் போடமாட்டேன்."